மழைக்காலம் முழுக்க நின்ற காண்டசா: முன் டிஸ்க்கில் துரு, தேய்த்தால் போதுமா, கழற்றணுமா?

புளியரைச் சாரல் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். வண்டி ஹிந்துஸ்தான் காண்டசா கிளாசிக் கார், 1.8 இசுசூ பெட்ரோல். பிரேக் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ஜூன் முதல் வாரம் நிறுத்தியது, ஆகஸ்ட் கடைசி வரை எடுக்கவில்லை. தகர ஷெட், மண் தரை, மேற்குப் பக்கம் சுவர் கிடையாது. குற்றால சீசனில் ஆரியங்காவுக் கணவாய்க் காற்று சாரலை எப்படி அள்ளிக்கொண்டு வரும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது முன் டிஸ்க் இரண்டும் செங்கல் நிறத்தில் இருக்கின்றன. வலது பக்கம் முழுக்க ஒரே சீரான துரு. இடது பக்கம் பேடு (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டை) உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் பேடு வடிவத்திலேயே கறுப்பாக ஒரு தடம். ஜாக்கி போட்டு இடது சக்கரத்தைச் சுற்றினால் முதலில் 'கட்' என்று விட்டது, அப்புறம் 'சரக் சரக்' என்று உரசிக்கொண்டே சுற்றுகிறது. கைபிரேக் இழுத்தபடி நிறுத்திவிட்டேன், பின் இடது சக்கரம் இறுகிக் கிடக்கிறது.

ஒரு மெக்கானிக் பாத்ரூம் ஆசிட்டைப் பிரஷ்ஷில் தொட்டு அடித்தால் அஞ்சு நிமிஷத்தில் வெள்ளையாகிவிடும் என்கிறார். இன்னொருவர் புனலூர் வரை ஓட்டிவிட்டு வா, தானாகப் போய்விடும் என்கிறார். அடுத்த மாதம் ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்க வண்டியைக் காட்ட வேண்டும். இந்த வண்டிக்குப் புது டிஸ்க் கிடைப்பது சுலபமில்லை, அதனால் இருப்பதைக் கெடுத்துவிடாமல் சரிசெய்ய வேண்டும். எத்தனாம் நம்பர் உப்புத்தாள், பேடு பழையதே போதுமா, லேத்தில் கொடுக்கணுமா என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மேலகரம் பட்டறை

அண்ணாச்சி, முதலில் இரண்டு யோசனையையும் ஓரமாக வையுங்கள். புனலூர் போக வேண்டுமென்றால் கோட்டைவாசல் தாண்டி மலைப்பாதை. ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் பிடிக்காது என்ற நிலையில் இருக்கும் பிரேக்கை வைத்துக்கொண்டு திரும்பி வரும்போது புளியரை எஸ் வளைவில் இறங்கக் கூடாது. ஆசிட் விஷயத்தைக் குழித்துறை அண்ணன் பார்த்தால் விரிவாகச் சொல்வார், அவருக்கு அது கைவந்த வேலை.

டிஸ்க் சாதாரண வார்ப்பிரும்பு. பெயின்ட் கிடையாது, பூச்சு கிடையாது. காற்றில் ஈரம் 60 சதவீதத்துக்கு மேல் போனால் சில மணி நேரத்திலேயே மஞ்சள் படலம் வந்துவிடும். வண்டி கழுவி ராத்திரி நிறுத்தினால் காலையில் தெரிகிறதே, அது. விரலால் தடவினால் பொடியாக ஒட்டும். அதற்கு ஒரு வேலையும் வேண்டாம். 30, 40 கிமீ வேகத்தில் எட்டுப் பத்துத் தடவை மெதுவாகப் பெடலைத் தொட்டால் பேடே துடைத்துவிடும்.

உங்கள் வலது டிஸ்க் அதற்கு அடுத்த நிலை. படலம் தடித்துச் சொரசொரப்பாகியிருக்கும். இதை ஓட்டியே போக்கலாம் என்று நினைப்பதுதான் தப்பு. துரு பொடி உப்புத்தாள் பொடி மாதிரிதான், பேடுக்குள் பதிந்துகொண்டு டிஸ்க்கைக் கீறும். இதுவும் கையால் தேய்த்தால் போகும்.

இடது பக்கம் பேடு வடிவத்தில் இருக்கும் கறுப்புத் தடம்தான் கவனிக்க வேண்டியது. பேடு ஈரத்தைக் குடித்துவிட்டு மூன்று மாதம் அதே இடத்தில் டிஸ்க்கை அழுத்திக்கொண்டு இருந்திருக்கிறது. பேடுக்குள் இருக்கும் இரும்புத்தூளும் டிஸ்க்கும் சேர்ந்தே துருவேறி ஒட்டிக்கொண்டன. நீங்கள் கேட்ட 'கட்' சத்தம் அது விட்ட சத்தம். அங்கே நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் தடுக்கினால் குழி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். குழியை உப்புத்தாள் எடுக்காது, சுற்றியிருக்கிற நல்ல இரும்பைத்தான் எடுக்கும்.

செய்முறை. சமதரையில் நிறுத்தி, பின் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். மண் தரை என்கிறீர்கள், ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் தடித்த பலகை கட்டாயம் வேண்டும். ஈர மண்ணில் ஸ்டாண்டின் கால் சாயும். வீல் நட்டைத் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிட்டுத் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கை வைக்க வேண்டாம்.

பேடுகளைப் பிடித்திருக்கும் கேலிப்பரைக் கழற்றியதும் கட்டுக்கம்பியால் ஸ்பிரிங்கில் தொங்கவிடுங்கள். பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸில் எடை விழக் கூடாது. கழற்றியிருக்கும் நேரத்தில் யாரும் பெடலை மிதித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பேடைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வந்து விழும்.

பழைய வண்டி என்பதால் ஒன்று சொல்கிறேன், இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய ஸ்டாக் பேடிலும், டிரம்முக்குள் இருக்கும் ஷூவிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஏர் அடித்துத் தூசியை ஊதுவதுதான் எல்லாப் பட்டறையிலும் பழக்கம், அது நுரையீரலுக்கு நல்லதில்லை. சோப்புத் தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி நனைத்து, துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கவரில் கட்டிப் போடுங்கள். பி-100 ஃபில்டர் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், ஆஸ்பெஸ்டாஸுக்கு என்-95 போதாது.

முதலில் விளிம்பு. டிஸ்க்கின் வெளி ஓரத்தில் துரு பொருக்குக் கட்டி உதடு மாதிரி நிற்கும். அதைச் சின்னச் சுத்தியலால் தட்டினால் தகடு தகடாக விழும், மிச்சத்தை அரத்தால் சுரண்டுங்கள். உங்களுக்குக் கேட்கும் 'சரக் சரக்'கில் பாதி இந்த உதடு பேடில் இடிப்பதாகத்தான் இருக்கும். நடுவில் தொப்பி மாதிரி எழும்பியிருக்கும் பகுதிக்கும் விளிம்புக்கும் கம்பி பிரஷ், டிரில்லில் மாட்டும் கம்பிக் கப் எல்லாம் தாராளமாகப் போடலாம். பேடு படும் முகத்தில் போடக் கூடாது. கம்பி பிரஷ் துருவைப் பளபளப்பாக்குமே தவிர அடியோடு எடுக்காது, சுத்தமாகிவிட்டது போலக் கண்ணை ஏமாற்றும்.

பேடு படும் முகத்துக்கு 80 நம்பர் உப்புத்தாள், அலுமினியம் ஆக்சைடு வகை. 10 செமீக்கு 5 செமீ அளவில் தட்டையான மரக்கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். வெறும் விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் பட்ட இடம் மட்டும் பள்ளமாகும். ஒரு கையால் டிஸ்க்கை மெதுவாகச் சுற்றிக்கொண்டே, மறு கையால் சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். ஒரு முகத்துக்கு ஐந்து நிமிடம் ஆகும். உள்பக்கம் தூசித்தகடு மறைக்கும், அங்கே பெயின்ட் கலக்கும் பட்டைக் குச்சியில் தாளை ஒட்டித் தேய்க்கலாம். உள்முகத்தை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம், துரு அதிகம் இருப்பதும் அங்கேதான். கடைசியில் 120 அல்லது 150 நம்பர் தாளில் அதேபோல வட்டமாக ஒரு முறை. கோடுகள் ஒரே திசையில் போகாமல் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிய வேண்டும், அப்போதுதான் புதிதாகப் பேடு பதியும்.

ஆங்கிள் கிரைண்டரில் ஃப்ளாப் வீல் வேண்டவே வேண்டாம். ஒரு நொடி அதிகமாக நின்றாலும் அந்த இடம் மெலிந்துவிடும். டிஸ்க்கின் தடிமன் சுற்றுக்குள் 0.02 மிமீ மாறினாலே பெடலில் உதறல் வர ஆரம்பிக்கும்.

தேய்த்ததும் டிஸ்க்கைத் துணி சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். இரும்புத் தூளைச் சோப்புத் தண்ணீர் எடுக்கும் அளவுக்கு பிரேக் கிளீனர் ஸ்பிரே எடுக்காது. உடனே உலர்ந்த துணியால் துடைத்து, பிரேக் கிளீனர் அல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டு, வெள்ளைத் துணியில் கறை வராதவரை துடையுங்கள். டீசல், மண்ணெண்ணெய், டபிள்யூடி 40 எதுவும் அந்தப் பக்கமே வரக் கூடாது. வார்ப்பிரும்பு எண்ணெயை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும், சூடாகும்போது வெளியே விட்டுப் பேடை நனைக்கும்.

தேய்த்து முடித்ததும் அளவெடுத்து இங்கே போடுங்கள். மைக்ரோமீட்டர் இருந்தால் விளிம்பிலிருந்து 10 மிமீ உள்ளே தள்ளி, சுற்றி எட்டு இடத்தில். வெர்னியர்தான் இருக்கிறது என்றால் தாடை விளிம்பு உதட்டில் உட்கார்ந்து தடிமனைக் கூட்டிக் காட்டும். அதற்கு ஒரே மாதிரி இரண்டு ஐந்து ரூபாய் நாணயத்தைச் சேர்த்து வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டிஸ்க்கின் பக்கத்துக்கு ஒன்றாக வைத்து அளந்து, நாணய அளவைக் கழித்துவிடுங்கள். டிஸ்க்கின் மேலேயோ சர்வீஸ் மேனுவலிலோ குறைந்தபட்சத் தடிமன் இருக்கும், அதோடு ஒப்பிட வேண்டும்.

குழித்துறை வண்டிப்பேட்டை

அண்ணே, பாத்ரூம் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். துருவைத் தின்னும், உண்மைதான். ஆனால் அதில் இருக்கிற குளோரைடு வார்ப்பிரும்பின் துளைகளுக்குள்ளே தங்கிவிடும். என்ன கழுவினாலும் முழுக்கப் போகாது. மறுநாளே முன்னைவிட மோசமாகத் துரு திரும்பி வரும். கடல் உப்பு செய்யும் அதே வேலைதான். தேங்காப்பட்டணம், குளச்சல் பக்கம் நிற்கும் வண்டிகளின் டிஸ்க்கைப் பார்த்தால் குளோரைடு என்ன செய்யும் என்று தெரியும். அதோடு வண்டியில் இருக்கும்போதே பிரஷ்ஷில் தொட்டு அடித்தால் வழிந்து வீல் பேரிங்குக்கும் கேலிப்பர் ரப்பருக்கும் போகும். ஆவி பட்ட இடத்தில் சேசிஸ் கூடத் துருப்பிடிக்கும்.

மருந்து போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றால் டிஸ்க்கைக் கழற்றி ஊறப்போடுவது ஒன்றே வழி. விளிம்பிலும் தொப்பியிலும் பொருக்கு அதிகமாக இருந்தால், அல்லது நடுவில் காற்றுப் போக வழி விட்ட இரட்டைத் தட்டு டிஸ்க் என்றால் அந்தச் சந்துக்குள் உப்புத்தாள் போகாது, அப்போது இது பயன்படும்.

எளிதானது எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம், துரு கடுமையாக இருந்தால் 100 கிராம். டிஸ்க் முழுக்க மூழ்க வேண்டும், பாதி வெளியே நின்றால் தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு அரித்துவிடும். பிளாஸ்டிக் தொட்டிதான், அலுமினியச் சட்டி கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்து நைலான் பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். நல்ல இரும்பு தெரிந்ததும் எடுத்துவிட வேண்டும், ராத்திரி முழுக்கப் போட்டுவிட்டுத் தூங்கினால் இரும்பையே தின்ன ஆரம்பிக்கும். நம்ம எல்லைப் பக்கம் வினாகிரி என்று விற்கிற சமையல் வினிகரிலும் செய்யலாம், மெதுவாக நடக்கும், 12 மணி முதல் 24 மணி வரை ஆகும்.

வெளியே எடுக்கும்போது டிஸ்க் கறுப்பாக இருக்கும். பயப்பட வேண்டாம், வார்ப்பிரும்புக்குள் இருக்கிற கிராஃபைட்தான் மேலே தங்கியிருக்கிறது, தேய்த்தால் போகும். அடுத்து ஆப்ப சோடா, லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி கரைத்து, அதில் பத்து நிமிடம். பிறகு நல்ல தண்ணீர். வெந்நீராக இருந்தால் சீக்கிரம் காயும். இந்த இடத்தில் ஐந்து நிமிடம் சும்மா விட்டாலும் கண்முன்னாலேயே மஞ்சள் ஏறும். ஹீட் கன்னோ வெயிலோ தயாராக வைத்துக்கொண்டு கழுவுங்கள். எப்படிச் செய்தாலும் கடைசியில் பேடு படும் முகத்துக்கு மேலகரம் சொன்ன 120 நம்பர் தாள் போட்டே ஆக வேண்டும்.

பேட்டரி சார்ஜர் வைத்து எடுக்கும் முறையும் உண்டு. சலவை சோடா ஐந்து லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி, டிஸ்க்கில் சார்ஜரின் நெகட்டிவ், எதிரே ஒரு பழைய இரும்புத் தகட்டில் பாசிட்டிவ். மாற்றிக் கொடுத்தால் டிஸ்க் கரையும். பாசிட்டிவ் தகடாக எவர்சில்வர் மட்டும் போடாதீர்கள், அதிலிருந்து குரோமியம் கரைந்து தண்ணீர் விஷமாகும். ஹைட்ரஜன் குமிழி வரும், அதனால் வெளியிடத்தில் செய்ய வேண்டும், பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் ஆகாது. நல்ல இரும்பைத் தொடாது என்பதால் கிடைக்காத டிஸ்க்குக்கு இதுதான் மிக மென்மையான வழி.

துருவைக் கறுப்பாக மாற்றும் கன்வெர்ட்டர் திரவத்தைத் தொப்பிக்கும் விளிம்புக்கும் அடித்து மேலே சூடு தாங்கும் பெயின்ட் அடிக்கலாம். பேடு படும் முகத்தில் ஒரு சொட்டுக்கூட விழக் கூடாது.

கோபாலபுரம் செக்போஸ்ட்

டிஸ்க்கைப் பத்தி எல்லாரும் சொல்லிட்டாங்க. எனக்கு அந்த இடது பக்கம்தான் உறுத்துதுங்க. ஒரே ஷெட்டு, ஒரே சாரல், வலது பக்கம் சீரான துரு, இடது பக்கம் மட்டும் பேடு ஒட்டிக்கிச்சுன்னா, இடது கேலிப்பர் பேடை விடாமப் பிடிச்சிட்டு இருந்திருக்குங்க. டிஸ்க்கை மட்டும் தேச்சு மாட்டினா அடுத்த மழைக்கு இதே தடம் இதே இடத்துல வரும்.

இந்த இழையை பிரீமியர் 118 என்இ, பழைய மாருதி 800 வெச்சிருக்கறவங்களும் படிப்பாங்க, அதனால ரெண்டு வகைக் கேலிப்பருக்கும் சொல்றேங்க. ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன், கேலிப்பர் பின்னுல நகர்ற மாதிரின்னா, முதல்ல அந்த ஸ்லைடு பின்னை உருவிப் பாருங்க. விரல்ல தள்ளினாலே போய்வரணும். துருப்பிடிச்சிருந்தா 400 நம்பர் தாள்ல பாலிஷ் பண்ணி, சிலிகான் பிரேக் கிரீஸ் தடவி மாட்டுங்க. பேரிங்குக்குப் போடற மஞ்சக் கிரீஸ் ஆகாதுங்க, அந்த எண்ணெய்ல பின் ரப்பர் ஊதிப்போய் இன்னும் இறுகும். ரெண்டு பக்கமும் பிஸ்டன் இருக்கற கேலிப்பர்னா, எதிரெதிர்ப் பிஸ்டன் சமமாப் பின்வாங்குதான்னு பாக்கணும்.

பிஸ்டனைப் பின்னால தள்றப்ப சும்மா சி-கிளாம்ப் போட்டு அழுத்தாதீங்க. கேலிப்பர்ல ஆயிலை வெளிய விடற பிளீடர் நிப்பிள்ல ட்யூப் மாட்டி, ஒரு சுத்துத் திறந்துட்டுத் தள்ளுங்க. அடியில தங்கின கறுப்பு ஆயில் மேல மாஸ்டர் சிலிண்டருக்குப் போகாம வெளிய வந்துரும். தள்ள முடியலைன்னாலோ, ரப்பர் பூட்டுக்குள்ள செம்பழுப்புத் தூள் இருந்தாலோ, பிஸ்டன்ல துரு வந்தாச்சு, சீல் கிட் போட்டுத்தான் ஆகணும். பிஸ்டன் முகத்துல குரோமியம் உரிஞ்சு குழி விழுந்திருந்தா புதுச் சீலும் நிக்காதுங்க.

பிஸ்டன் நல்லாப் போகுது, ஆனா பெடல் மிதிச்சு விட்டா சக்கரம் விடலைன்னா ஹோஸைச் சந்தேகப்படுங்க. பழைய ரப்பர் ஹோஸ் வெளிய நல்லா இருக்கும், உள்சுவர் உப்பி ஒரு வழிப் பாதையா ஆகியிருக்கும். மிதிக்கற அழுத்தத்துக்கு ஆயில் போகும், திரும்பி வராது. சோதிக்கறது சுலபங்க. பெடலை மிதிச்சு விட்டு, சக்கரம் இறுகி இருக்கறப்பவே பிளீடர் நிப்பிளைத் திறங்க. ஆயில் பீச்சிட்டு சக்கரம் சட்டுனு விட்டா, அழுத்தம் உள்ள மாட்டிக்கிட்டு இருந்துச்சுன்னு அர்த்தம். அப்புறம் அதே மாதிரி மறுபடி மிதிச்சு இறுக்கிட்டு, ஹோஸுக்கு மேல இரும்புப் பைப் சேர்ற இடத்தைத் தளர்த்திப் பாருங்க. அங்க தளர்த்தியும் சக்கரம் விடலைன்னா ஹோஸ்தான். மாத்தினா ரெண்டு பக்கமும் மாத்துங்க.

பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரக ஆயில் புதுசா இருக்கறப்ப குறைஞ்சது 230 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்காதுங்க, ஈரம் ஏறினா அந்தக் கணக்கு 155 ஆயிரும். டாட் 3-க்கு 205, 140. மலை இறக்கத்துல பெடல் பஞ்சு மாதிரி ஆகறது இதனாலதான். பிஸ்டன் உள்ளேயிருந்து துருப்பிடிக்கறதும் அதே ஈரத்தாலதான். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா முழுசா மாத்துங்க. இப்ப எப்படியும் திறக்கறீங்க, நாலு சக்கரத்துலயும் ஏர் எடுத்துப் புது ஆயில் விட்ருங்க. பெயின்ட் மேல சொட்டினா உடனே தண்ணி ஊத்துங்க, அப்படியே உரிச்சிரும்.

பேடு பத்திக் கேட்டீங்க. உராயற பொருள் 3 மிமீக்குக் கீழ இருந்தா யோசிக்காம மாத்துங்க. தடிமன் இருந்தாலும் ஓரத்தைப் பாருங்க. இரும்புத் தகட்டுக்கும் உராயற பொருளுக்கும் நடுவுல துரு புகுந்து நூல் அளவு தூக்கியிருந்தாக்கூட அது கழண்டு வந்துரும், அழுத்தமா மிதிக்கற நேரத்துலதான் வரும். அந்த மாதிரி பேடைக் குப்பையில போடுங்க. நல்லா இருந்தா கண்ணாடித் துண்டு மேல 80 நம்பர் தாளை விரிச்சு, பேடை அதுல பத்து இழுப்பு இழுத்தாப் போதும்.

புளியரைச் சாரல்

ரொம்ப நன்றி. சொன்னபடியே செய்தேன். விவரம்:

வலது டிஸ்க் 80, 150 தாளிலேயே வெள்ளையாக வந்துவிட்டது, நகம் எங்கும் தடுக்கவில்லை. குறைந்தபட்ச அளவைவிட 0.9 மிமீ தடிமன் கூடுதல். எட்டு இடத்திலும் அளவு வித்தியாசம் 0.01-க்குள். டயல் கேஜில் ஆட்டம் (சுற்றும்போது டிஸ்க் பக்கவாட்டில் அசைவது) 0.06 மிமீ.

இடது டிஸ்க்கில் கறுப்புத் தடம் மங்கியது, போகவில்லை. நகம் நன்றாகத் தடுக்குகிறது, இரண்டு முகத்திலும் புள்ளிப் புள்ளியாகக் குழி. தடிமன் குறைந்தபட்சத்தைவிட 0.4 தான் கூடுதல். அளவு வித்தியாசம் 0.04. ஆட்டம் 0.14.

இடது பிஸ்டன் நிப்பிளைத் திறந்தும் கஷ்டப்பட்டுத்தான் உள்ளே போனது, பூட்டு கிழிந்திருக்கிறது. உள்பக்கப் பேடு ஓரத்தில் தூக்கியிருக்கிறது. லேத் கடையில் இடது டிஸ்க்குக்குப் பக்கத்துக்கு 0.15 எடுத்தால் குழி போய்விடும் என்கிறார்கள். கொடுக்கலாமா? பின் டிரம் இன்னும் கழலவில்லை.

மேலகரம் பட்டறை

அண்ணாச்சி, கணக்குப் போட்டுப் பாருங்கள். பக்கத்துக்கு 0.15 என்றால் மொத்தம் 0.3 போய்விடும். கையில் மிஞ்சுவது 0.1. குறைந்தபட்ச அளவு என்பது டிஸ்க்கைக் கழற்றி எறிய வேண்டிய அளவு, அதுவரை கடையலாம் என்ற அர்த்தமில்லை. கடைந்த பிறகு ஓடித் தேய்வதற்கும் இடம் வேண்டும். 0.1 மிமீயில் கொஞ்ச நாள் ஓடும், அதற்குள் எல்லையைத் தாண்டிவிடும். மெலிந்த டிஸ்க் சீக்கிரம் சூடாகும், பிஸ்டனும் அளவுக்கு மேல் வெளியே வந்து நிற்கும். இடது டிஸ்க்கை லேத்தில் கொடுக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

மாற்றினால் ஜோடியாக. ஒரு பக்கம் புது முகம், மறுபக்கம் பழைய முகம் என்றால் பிடிப்பு சமமாக இருக்காது, மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். வலது டிஸ்க் நல்லது, அதைத் துடைத்து எண்ணெய்த்தாளில் சுற்றி வையுங்கள். அவசரத்துக்கு உதவும். மறுபடி மாட்டும்போது அந்த எண்ணெயைக் கழுவ மறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

டிஸ்க் தேடும்போது வெளி விட்டம், தடிமன், தொப்பி உயரம், நடு ஓட்டை விட்டம், போல்ட் வட்டம் ஐந்தையும் எழுதிக்கொண்டு போங்கள். தொப்பி உயரம் 2 மிமீ மாறினாலும் கேலிப்பருக்கு நடுவில் நிற்காது. வேறு வண்டி டிஸ்க்கில் புதிதாக ஓட்டை போட்டுத் தருகிறேன் என்று சொல்பவர்களிடம் கொடுக்காதீர்கள். பழைய ஸ்டாக் கிடைத்தால் அதிலும் மஞ்சள் துரு இருக்கும், அதற்காக விலக்க வேண்டாம், அளவெடுத்து இதே முறையில் தேய்த்து மாட்டலாம்.

0.14 ஆட்டம் டிஸ்க்கால் மட்டும் வந்திருக்காது. பல வண்டிகளுக்கு 0.10 தான் மேல் எல்லை. டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தில் துரு இருந்தால் டிஸ்க் சாய்ந்து உட்காரும். ஹப்பில் 0.05 மிமீ பொருக்கு இருந்தால் அது டிஸ்க் ஓரத்தில் இரட்டிப்பாகத் தெரியும். புது டிஸ்க் மாட்டிய மாதத்திலேயே உதறல் வருகிறது என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோர் விட்டது இந்த இடத்தைத்தான். ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தமாக எடுத்து, விரலால் தடவி, மேடு எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகே டிஸ்க்கை வையுங்கள். டிஸ்க் ஹப்புக்குப் பின்னால் போல்ட் போட்ட வகையாக இருந்தால் ஹப்போடு கழற்ற வேண்டியிருக்கும். அப்போது பேரிங்கைக் கழுவிப் புதுக் கிரீஸ் வைத்து, சுற்றிக்கொண்டே இறுக்கி, மேனுவலில் சொல்லும் அளவு தளர்த்தி, புது காட்டர் பின் போடுங்கள். பேரிங் தளர்ந்திருந்தாலும் டயல் கேஜ் ஆட்டத்தைக் கூட்டிக் காட்டும்.

பேடு நான்கும் புதுசு. இரண்டு கேலிப்பருக்கும் சீல் கிட், இடது பக்கம் பிஸ்டனும் சேர்த்து. வீல் நட்டை நட்சத்திர வரிசையில், இரண்டு தவணையாக இறுக்குங்கள். பெடலை வண்டி நகரும் முன்பே நாலைந்து தடவை மிதித்துக் கெட்டியாக்கிக்கொள்ள வேண்டும், பிஸ்டன் உள்ளே போயிருப்பதால் முதல் மிதி தரைவரை போகும்.

கோபாலபுரம் செக்போஸ்ட்

பின் டிரம்முக்குங்க. கைபிரேக்கை முழுசா இறக்கி, கேபிள் தளர்ந்திருக்கான்னு பாத்துட்டு, பேக் பிளேட்டுக்குப் பின்னாடி இருக்கற அட்ஜஸ்டரைத் தளர்த்துங்க. ஷூ உள்ள வாங்கும். அப்புறம் டிரம்மோட சுத்து ஓரத்துல மரச் சுத்தியல்ல சுத்திச் சுத்தித் தட்டுங்க. இரும்புச் சுத்தியல்ல தட்டினா வார்ப்பிரும்பு விரிசல் விட்ரும். வண்டியை கியர்ல போட்டு இழுத்து விடுவிக்கப் பாக்காதீங்க, ஷூவோட லைனிங் உரிஞ்சு டிரம்மோடயே வந்துரும். டிரம் உள்முகத்துக்கும் அதே 80 நம்பர் தாள்தான், அதே தூசி எச்சரிக்கைதான்.

இனிமே நிறுத்தறப்ப கைபிரேக் வேண்டாம், கியர்ல போட்டு சக்கரத்துக்குக் கட்டை வெச்சிருங்க. மண் தரைங்கறதால வண்டிக்கு அடியில தடிச்ச பாலித்தீன் தாளை விரிச்சு விடுங்க, தரையிலிருந்து ஏறற ஈரம் பாதி குறையும். வண்டியை மூடறதுக்குத் தார்ப்பாய் போடாதீங்க, உள்ள வேர்க்கும். காத்துப் போற துணி கவர் போதும். கழுவினா கழுவின கையோட நிறுத்தாம ரெண்டு கிலோமீட்டர் ஓட்டி, பிரேக் நாலு தடவை மிதிச்சுச் சூடாக்கிட்டு நிறுத்துங்க. பதினஞ்சு நாளுக்கு ஒருக்கா இருபது நிமிஷம் ஓட்டினா இந்தப் பேச்சே வராது.

குழித்துறை வண்டிப்பேட்டை

மேற்குப் பக்கம் ஒரு ஆள் உயரத்துக்கு ஹாலோ பிளாக் சுவர் எழுப்பிவிடுங்கள் அண்ணே, இவ்வளவு செலவுக்கு முன்னால் அது பெரிய காசில்லை. முழுக்க அடைக்க வேண்டாம், கிழக்கே காற்று வெளியேற வழி இருக்கட்டும்.

மேலகரம் பட்டறை

ஒன்று விட்டுப்போனது, பேடு பதிய வைப்பது. மலைப்பக்கம் போகாமல் செங்கோட்டையிலிருந்து தென்காசிப் பக்கம் சமதளச் சாலையில், விடியற்காலை ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் செய்யுங்கள். 50 கிமீ வேகத்திலிருந்து 10 கிமீ வரை நடுத்தர அழுத்தத்தில் குறைக்க வேண்டும், முழுக்க நிறுத்தக் கூடாது. சூடான டிஸ்க்கில் பேடு அழுந்தி நின்றால் அந்த இடத்தில் அச்சு விழும், பிறகு உதறும். ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை நிமிடம் ஓட்டி, பத்துத் தடவை. அதன் பிறகு பத்து நிமிடம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். முதல் சில மிதிகளில் லேசாக வாடை வரும், அது பேடு பதமாகும் வாடை.

ஆறியதும் மறுபடி ஐந்து கிலோமீட்டர், பிரேக்கை முடிந்தவரை தொடாமல் ஓட்டி நிறுத்தி, இரண்டு முன் சக்கரத்தின் ரிம்மிலும் கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். இரண்டும் ஒரே சூடாக இருக்க வேண்டும். இடது பக்கம் மட்டும் தகித்தால் ஹோஸை மாற்றாமல் மலைப்பாதையில் ஏற்றாதீர்கள்.